அக்கா பேயாக இருந்த இடம்

என் அக்கா அமலி பேயாக வேலை பார்த்தவள். மஸ்கட்டில் என்னோடு ஒரே அறையில் இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஒருவர் மட்டும் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, "மாதச் சம்பளத்துக்கா?" என்று கேட்டார். ஆமாம், மாதச் சம்பளம், தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ், வாரத்தில் ஒரு நாள் லீவு. பேய்க்கும் இதெல்லாம் உண்டு.

வாலாஜாபாத்தைத் தாண்டித் தென்னேரி போகிற வழியில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது. பெயர் வேண்டாம். எங்கள் பக்கத்து ஆட்கள் அதை 'ராட்டினக் கம்பெனி' என்றுதான் சொல்வார்கள். கேட்டுக்குள் போய் வேலை செய்துவிட்டு வருகிற எந்த இடமும் எங்களுக்குக் கம்பெனிதான். அங்கே 'பேய் பங்களா' என்று ஒரு ரைடு இருந்தது. தண்டவாளத்தில் ஒரு வண்டி, இருட்டுக்குள் கடகடவென்று போகும். வழியெல்லாம் அட்டை எலும்புக்கூடு, தகர வௌவால். அவற்றுக்கு நடுவில் அசலாக இருந்தது அக்கா மட்டும்தான். வெள்ளை நைட்டி, இடுப்பு வரை சவுரி, கண்ணைச் சுற்றி மை. கல்யாணம் ஆன மறுவருஷம் சேர்ந்தவள், இரண்டு பிள்ளைகள் பெற எடுத்த லீவைத் தவிர வேறு லீவு எடுக்கவில்லை.

அந்த ரைடைப் பிரித்துப் போட்டுப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். கட்டி முடிக்கிறவரை அக்காவை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். "திறந்ததும் வாங்க, பாக்கலாம்" என்றாராம் மேனேஜர். அந்த ஒரு 'பாக்கலாம்' போதும் என்று, ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையிலிருந்து வேன் வசதியோடு தேடி வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இப்போது திறந்துவிட்டார்கள். நான் லீவில் வந்த வாரமும் அதுவாக அமைந்தது.

என் பயணத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. எங்கள் சூப்பர்வைசரின் மனைவிக்குக் காஞ்சிபுரம் பட்டு வேண்டும். பாலக்காட்டுக்காரர், மஸ்கட்டில் இருக்கிறார், அங்கேயே பத்துப் பட்டுக் கடை இருக்கிறது. ஆனாலும் காஞ்சிபுரத்துக்காரன் ஒருவன் கையால் வாங்கி வந்தால்தான் பட்டு பட்டாக இருக்குமாம். எங்கள் பரம்பரையில் யாரும் பட்டு நெய்ததில்லை. நாங்கள் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நான் லிஃப்ட் மெக்கானிக். இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. லீவு கேட்டுக்கொண்டு நிற்கும்போது வரலாறு பேசக்கூடாது.

வந்து சேர்ந்த அன்று அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். ஐயம்பேட்டை வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே தெருமுனையில் வாசனை வந்துவிட்டது. மஸ்கட்டில் ஒருமுறை இதே கருவாட்டை அறையில் வறுத்தோம். மாடியில் இருந்த எகிப்துக்காரர் கேஸ் கசிகிறது என்று கட்டடத்தையே காலி செய்ய வைத்துவிட்டார். இங்கே நான் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்ளும்போது அக்கா வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"டேய் அருளு, சனிக்கெழம எங்கூட வர்றியா? புது ரைட பாத்துட்டு, அப்டியே மேனேஜரையும் பாத்துட்டு வந்துடலாம்."

"மாமா வரமாட்டாரா?"

"அவுரு ஆட்டோவுல கொண்டாந்து வுடுவாரு. உள்ள வரமாட்டாரு. பயம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா பயம்? ஊட்லயே பாத்துக்கினு இருக்கறேன், துட்டு குடுத்து வேற பாக்கணுமா?" என்றார். அம்மா சிரித்ததில் புரையேறியது. அக்கா சிரிக்கவில்லை. மேனேஜரிடம் என்ன பேச வேண்டும் என்று அவள் ஏற்கனவே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

மறுநாள் பட்டு வாங்க நானும் அக்காவும் காஞ்சிபுரம் போனோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் இரண்டு ஆட்டோக்காரர்கள் என் உடுப்பைப் பார்த்து, "சார், சொசைட்டி கட, ஃபேக்டரி ரேட்டு" என்று வளைத்துக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரன் என்று தமிழில் சொன்னேன். "பக்கத்து ஊருன்னா இன்னா சார், பொடவ கட்ட மாட்டாங்களா?" என்றார் ஒருவர். அவர் ஆட்டோவிலேயே ஏறிக் கடைக்குப் போனோம். சூப்பர்வைசரின் மனைவி வீடியோவில் வந்து கடையில் இருந்த எல்லாப் புடவையையும் விரித்துக் காட்டச் சொன்னார். கடைக்காரர் பொறுமையாகக் காட்டினார். கடைசியில் அந்த அம்மா எடுத்தது முதலில் காட்டிய புடவையை.

அதற்குப் பிறகு கோயில் இட்லி சாப்பிட்டோம். மிளகும் சுக்கும் நெய்யும் சேர்ந்து, மந்தாரை இலை வாசனையோடு தடிமனாக வருமே, அது. மஸ்கட்டில் ஒரு ஓட்டலில் 'காஞ்சிபுரம் இட்லி' என்று கேரட் துருவிப் போட்ட வெள்ளை இட்லியைக் கொடுத்து, சட்னிக்குத் தனியாகக் காசு வாங்குவார்கள். அக்கா பாதி இட்லியிலேயே நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தாள்.

"மிஷினு வந்துடுச்சின்னு சொல்றாங்கோ. வரட்டும். மிஷினு கத்தும், கைய ஆட்டும். கொழந்த அழுதா மிஷினுக்குத் தெரியுமாடா?"

அவளுக்கென்று ஒரு வேலைமுறை இருந்தது. காலையில் முதல் வண்டி கிளம்பும் முன்பு, விளக்கு எதுவும் போடாமல் உள்ளே முழுக்க ஒருதரம் வெறுங்காலோடு நடப்பாள். நடக்கும்போது 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டே போவாள். பேய் வேடத்தில் ஜெபமா என்று பங்குச் சாமியார் கேட்டதற்கு, "பேயிக்குத்தான் சாமி ரொம்ப அவசியம்" என்றாளாம். வண்டி வரும் சத்தத்தை வைத்தே யார் வருகிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவாள். குடித்துவிட்டு வருகிற பையன்கள் என்றால் கையில் ஊக்கு தயாராக இருக்கும், இருட்டில் கையை நீட்டுகிறவனுக்கு அதுதான் பதில். குழந்தை நிஜமாகவே பயந்து அழுதால், சவுரியைப் பின்னால் தள்ளிவிட்டு வண்டியோடு கூடவே நடந்து, "அக்காதான்டா கண்ணு, ஒண்ணுமில்ல பாரு" என்று வெளிச்சம் வருகிறவரை கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. யாரும் செய்யச் சொல்லவும் இல்லை.

"அத்தத்தான் சொல்லப் போறேன் மேனேஜர்கிட்ட. மிஷினுங்க இருக்கட்டும், நடுவுல ஒரு ஆளு வேணும்னு."

நானும் தலையாட்டினேன். பொத்தான் வைத்த லிஃப்ட் வந்தபோது பழைய லிஃப்டை இயக்கிய ஆட்களும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை வாயைத் திறந்து சொல்ல மனம் வரவில்லை.

சனிக்கிழமை மாமாவின் ஷேர் ஆட்டோவில் கிளம்பினோம். வாலாஜாபாத் தாண்டினதும் ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் மெக்கானிக்கைத் தேடுவார்கள். மாமா அறுந்த கம்பியை வெளியே இழுத்துச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டார். விரலை இழுத்தால் வேகம், விட்டால் மெதுவாகும். ஒற்றைக் கையில் ஹேண்டில். மஸ்கட்டில் இப்படி ஓட்டினால் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். இங்கே எதிரில் வந்த போலீஸ்காரர் மாமாவின் விரலைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். விரல் நீலமாகிவிட்டது. ஆனால் நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டார்.

வாசலில் பையைச் சோதித்தார்கள். வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. அம்மா கட்டிக் கொடுத்த புளிசோறு பிடிபட்டது. வாட்ச்மேன் அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அமலிக்கா! எப்டி இருக்கற? உன்ன வுடலாம், டிபன் பாக்ஸ வுட முடியாதும்மா."

"நீயே துன்னுடுப்பா, திரும்பி வர்றப்ப பாக்ஸ மட்டும் குடு" என்றாள் அக்கா. அவள் நல்ல புடவை கட்டியிருந்தாள். தலையில் பூ. இத்தனை வருஷமும் பின்பக்கம் வேலையாட்கள் போகும் வழியாகப் போனவள், முதல் தடவையாக டிக்கெட் வாங்கிக்கொண்டு முன்வாசல் வழியாக நுழைந்தாள். அது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது போல, திரும்பித் திரும்பி ஆர்ச்சைப் பார்த்தாள்.

மேனேஜர் இளைஞர், நல்லவராகத்தான் தெரிந்தார். முன்பெல்லாம் 'அமலிக்கா' என்பாராம். அன்று 'மேடம்' என்றார். "மொதல்ல ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க மேடம். அப்புறம் ஆபீஸ்ல உக்காந்து பேசலாம்" என்று வாக்கி டாக்கியோடு அந்தப் பக்கம் போய்விட்டார். அக்கா என் கையைக் கிள்ளினாள். "பாத்தியா? என்னா கொறன்னு பாத்துச் சொல்லச் சொல்றாரு." எனக்கு அப்படிக் கேட்கவில்லை.

புது ரைடுக்கு 'பட்டு மாளிகை' என்று பெயர். வாசலிலேயே ஒரு பெரிய தறி. பட்டுப் புடவை கட்டிய ராணிப் பேய் ஒன்று அதில் தானாக நெய்கிறது; மிதி தானாக ஏறி இறங்குகிறது, நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடுகிறது. வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு நெசவாளர் குடும்பம் நின்றது: அப்பா, அம்மா, நாலைந்து வயசுப் பெண் குழந்தை. தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குப் பாதித் தெலுங்கு காதில் தானாக ஏறிவிடும். "உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறமாகக் கோர்வை போடுகிறது பார், அந்தப் பக்கம் நாடா தள்ள ஆளே இல்லை" என்றார் குழந்தையின் அம்மா. "பேயாக இருந்தால்தான் தனியாகக் கோர்வை நெய்ய முடியும். நமக்குத் துணைக்கு ஆள் கிடைக்காமல் தறி நிற்கிறதே" என்றார் அப்பா. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். அக்காவும் சிரித்தாள்.

வண்டியில் எங்களோடு அந்தக் குடும்பமும் ஏறியது. முன்வரிசையில் அவர்கள், பின்னால் நாங்கள்.

இனி நான் சொல்வதை அக்கா மன்னிக்க வேண்டும். அந்த ரைடு அருமையாக இருந்தது. பழைய வண்டி வளைவில் இடுப்பு எலும்பைப் பிடுங்கும். இது வளைவதே தெரியவில்லை. சங்கிலிச் சத்தம் இல்லை. இருட்டு என்றால் கறுப்புப் பெயின்ட் இருட்டு இல்லை, நிஜ இருட்டு. முகத்தில் ஏதோ மெலிதாக உரசியது, ஒட்டடை என்று தட்டினால் கழிவுப் பட்டு நூல். எங்கோ தண்ணீர் சொட்டியது, சொட்டும் திசை மாறிக்கொண்டே இருந்தது. பிரேக் எங்கே பிடிக்கிறது என்று தொழில்காரனான எனக்கே பிடிபடவில்லை. இதைச் செய்தவனின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் என்று தோன்றியது. பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. என்மேல் எனக்கே எரிச்சலாக இருந்தது.

ஒரு திருப்பத்தில் ராணிப் பேய் மேலேயிருந்து இறங்கி அலறியது. நான் நிஜமாகவே துள்ளிவிட்டேன். அக்கா என் முழங்கையைப் பிடித்தாள்.

"டேய், அது நான்டா!"

"என்னாது?"

"கத்துனது நான். அன்னிக்கி ஒரு நாளு பூரா மைக்குல கத்த வெச்சாங்க. சும்மா சாம்பிளுக்குன்னு சொன்னாங்க. என் கொரலுடா அது!"

அவள் குரலில் இருந்தது கோபம் இல்லை, சந்தோஷம்.  குரலை எடுத்து வைத்துக்கொண்டவன் ஆளை எதற்குக் கூப்பிடப் போகிறான்?

அடுத்த திருப்பத்தில் கரண்ட் போனது. வண்டி குலுங்காமல் நின்றது, அதையும் கவனித்தேன். எமர்ஜென்சி விளக்கு எரியவில்லை, ஜெனரேட்டர் எடுக்கவில்லை. நம் ஊர் நம் ஊர்தான். பின்னால் எங்கேயோ நின்ற வண்டியில் பையன்கள் விசில் அடித்தார்கள். முன்னால் இருந்த குழந்தை முதலில் சிணுங்கியது, பிறகு மூச்சு வாங்காமல் அழ ஆரம்பித்தது.

பெல்ட்டை அவிழ்க்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, எறங்காத. நின்ன வண்டியில உக்காந்திருக்கறதுதான் சேஃப்" என்றேன். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் தினமும் சொல்வது இதுதான்.

"கொழந்த அழுவுதுடா. இன்னா நீ, இது என் எடம். நாலு அடியில சைடு கதவு இருக்குது, தொறந்தா வெளிச்சம் வந்துடும்."

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். குழந்தையின் தலையைத் தொட்டிருப்பாள் போல, அழுகை ஒரு நொடி நின்றது. "அக்காதான்டா கண்ணு, ஒண்ணுமில்ல. எல்லாரும் பயப்படாம உக்காருங்க. நான் இங்க வேல செய்யறவ, எனக்கு வழி தெரியும்" என்று சத்தமாகச் சொன்னாள். அவள் குரல் அவ்வளவு நிமிர்ந்து நான் கேட்டதில்லை. பிறகு தயங்காமல், வீட்டுச் சமையலறைக்குள் போகிறவளைப் போல நடந்தாள்.

மடார் என்று ஒரு சத்தம்.

 பிறகு பின்னால் இருந்த வண்டி கைதட்டியது. "செம்ம மச்சி! ஆள வுட்டு டிராமா போடறாங்க!" என்றான் ஒருவன். இன்னொருவன் "ஒன்ஸ் மோர்" என்று கத்தினான். நான் கூப்பிட்டேன். பதில் வரவில்லை.

ஜெனரேட்டர் எடுத்து விளக்கு வந்தபோது அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் புத்தம்புதுச் சுவர். அவள் சொன்ன கதவு இருந்த இடத்தில் இப்போது ஏதோ மோட்டார் அறை. நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்து ஒரு கண்ணை மறைத்திருந்தது, பூ நசுங்கி, கொண்டை அவிழ்ந்து, முடி முகத்தில் விழுந்து கிடந்தது. அதே நிலையில் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். குழந்தை வீரிட்டு அலறி அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அந்த அம்மா தெலுங்கில், பார்க்காதே, பார்க்காதே என்றார்.

முதலுதவி அறையில் நெற்றிக்குப் பிளாஸ்டர் போட்டார்கள். மேனேஜர் ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "கெஸ்ட் யாரும் வண்டிய விட்டு எறங்கவே கூடாதுங்க மேடம். போர்டு வெச்சிருக்கோமே" என்றார்.

"எனக்கு வழி தெரியும்னு..." என்றாள் அக்கா.

"அதான் பாத்தீங்களே. உள்ள ஆள் இருந்தாலே ரிஸ்க்குங்க. இனிமே உள்ள யாருமே கிடையாது, எல்லாம் ஆட்டோமேட்டிக். ஹெட் ஆபீஸ் முடிவு அது. இன்னிக்குச் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

அக்கா பேச நினைத்து வைத்திருந்த எதையும் பேசவில்லை. நான் எழுந்து, குரலை மட்டும் எடுத்துக்கொண்டீர்களே என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், அதெல்லாம் வெளியூர் கான்டிராக்டர் செய்தது என்றார். போகும்போது எங்கள் கையில் இரண்டு இலவச பாஸ் கொடுத்தார். கெஸ்டுக்கு அடிபட்டால் கொடுப்பார்களாம். அக்கா அதை வாங்கி மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டாள். கிழித்துப் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். பாஸைக் கிழிக்கிற வீட்டில் நாங்கள் பிறக்கவில்லை.

வாட்ச்மேன் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்திருந்தார். மாமா எங்களைப் பார்த்ததும் கம்பியை எடுத்து இந்த முறை வேறு விரலில் சுற்றிக்கொண்டார். தென்னேரி ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்தது.  வாலாஜாபாத் ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோதுதான் அக்கா பேசினாள்.

"என் காலு சரியாத்தான்டா போச்சு. கதவு இருந்த எடத்துக்குத்தான் போச்சு."

"ஆமாங்க்கா."

"செவுரு கட்டப் போறோம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல. இவ்ளோ நாளு நடந்தவ."

ரயில் போன பிறகும் மாமா வண்டியை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

மீதி நாட்களில் எழுதும்படி எதுவும் நடக்கவில்லை. அத்தை வீட்டில் பிரியாணி, அம்மாவின் கண் டாக்டர், புடவைக்கு ஃபால்ஸ். ஒரகடம் வேன்காரருக்கு மாமா போன் செய்தார். அந்த இடத்துக்கு ஆள் வந்துவிட்டது, அடுத்த பேட்சில் பார்க்கலாம் என்றாராம். மறுபடியும் ஒரு 'பாக்கலாம்'.

கிளம்புகிற அன்று அக்கா என் பெட்டியில் ஊறுகாய்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள். நெற்றிக் காயம் காய்ந்திருந்தது. நிமிராமல் கேட்டாள்.

"அருளு, நீ மிஷினு தெரிஞ்சவன். எனக்கோசரம் சொல்லாத, நெசமாச் சொல்லு. அந்த ரைடு நல்லாக்குதா?"

பொய் சொல்ல எவ்வளவோ வாய்ப்பு இருந்தது. வாயில் வந்தது உண்மைதான்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா."

அவள் பாட்டிலை இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

"எனக்கும் புடிச்சுதான்டா இருந்துச்சு. அதான் தாங்கல."